தையல் நிற்கும் இடம்

சட்டையின் பக்கத்தையல் அக்குளில் தொடங்கி இடுப்பைக் கடந்து, துணியின் விளிம்பையும் கடந்து, வெறும் நூலாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரிக்கு உறைத்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஊசிக்கு அந்தப்பக்கம் இரண்டு நூலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, ஒன்றுமில்லாததைத் தைத்து வைத்திருந்தன. புதிதாக மெஷினில் உட்காருகிற பெண்கள் செய்யும் தப்பு இது. அவள் எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறாள். துணி முடிகிற இடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவள் காலுக்குத் தெரியும்.

கூடத்தின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"என்ன, அந்த இடம் நல்லா இருக்கா?"

"எந்த இடம்?"

"மெஷின் நின்னுச்சே."

"நூல் ஓடிப்போச்சு. நீங்க பேசுங்க," என்றாள்.

ஊருக்கு அவர் தலைவர். வீட்டிலும் தலைவர்தான், ஆனால் அவள் அப்படிக் கூப்பிட்டால் கேலி செய்கிறாள் என்று அர்த்தம். கட்சியின் ஆண்டுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வருஷமும் அதற்கு முந்தின வாரம், காலை வெயில் கூடத்துக்குள் வரும் நேரத்தில், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து நடந்து பேசிப் பார்ப்பார். ஜன்னலோரம் மெஷினில் அவள் அவருக்கு மேடைச் சட்டை தைத்துக்கொண்டிருப்பாள். எந்த வரிக்கு மெஷின் நிற்கிறதோ அந்த வரி தேறிவிட்டது. நிற்காமல் கடகடவென்று ஓடினால் அந்த இடம் சவசவ என்று இருக்கிறது, மாற்ற வேண்டும். அவள் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. மனசில் ஏதாவது தைத்தால் கால் தானாக நின்றுவிடும். கல்யாணமான புதிதில் இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்பார். "உன் முகம் என்னைப் பாத்தா எப்பவும் நல்லா இருக்குன்னுதான் சொல்லும். கால்தான் நேர்மை."

போன வருஷம் அவள் இதயத்தில் ஒரு வால்வைக் கழற்றிவிட்டு வேறு வைத்தார்கள். மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளச் சொல்லி, ஊர் பஸ்களுக்கெல்லாம் முதலாளியான பஸ்காரர் ஒரு மோட்டாரும் வாங்கி அனுப்பினார். அது பெட்டியோடு கட்டிலுக்கடியில் இருக்கிறது. மோட்டார் மாட்டினால் கட்சி என்ன ஆவது என்று அவள் சிரித்துச் சமாளித்தாள். டாக்டரும், மெதுவாக மிதித்தால் பரவாயில்லை, காலுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்குத் தையல் துணியைத் தாண்டி ஓடியதற்குக் காரணம், அவள் கால் ஒரு வரிக்காகக் காத்திருந்தது. வருஷா வருஷம் வருகிற வரி. பேச்சின் கடைசியில், நன்றி சொல்வதற்கு முன்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொல்வார்: "மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கிற தையல் கொட்டகையில ஒரு தகரத்தைப் பிரிக்கணும்னாலும், முதல்ல என்னைத் தாண்டித்தான் போகணும்." கைதட்டல் அடங்க நேரமாகும். அந்தக் கொட்டகையில்தான் அவள் தொழில் பழகினாள். கட்சி என்பது நாலு பேரும் ஒரு வாடகை மைக்குமாக இருந்த காலத்தில், அங்கே துணி வெட்டுகிற மேஜைமேல் ஏறி நின்றுதான் அவர் முதல்முதலில் பேசினார். பேசி முடித்ததும் மேஜையை மிதித்து அழுக்காக்கியதற்கு அவரைத் திட்டியவள் இவள். அப்படித்தான் பழக்கம்.

இந்தத் தடவை பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பற்றிப் பேசினார், குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினார், அங்கேயிருந்து நேரே நன்றிக்குப் போய்விட்டார்.

"கொட்டகை வரலையே," என்றாள், நூலைக் கத்தரித்தபடி.

அவர் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். தாகத்துக்குக் குடிப்பவர் அவ்வளவு நேரம் குடிக்க மாட்டார். "பேச்சு ரொம்ப நீளமாப் போகுது. அதான்."

"நீளமாப் போனா பஸ் டிக்கெட் விலையைப் பத்திப் பேசறதை எடுங்க." நூல் பந்தைக் குப்பைக் கூடையில் போட்டாள். "அட, அதை எப்பவோ எடுத்தாச்சோ."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர், அவளுக்கு அவரிடம் முதலில் பிடித்ததே அதுதான். ஆனால் சிரித்த கையோடு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சட்டையில் பொத்தான் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது, போட்டுக்கொள்ளும்போதுதான் தெரியும். அவள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். முதலில் டிக்கெட் விலை போயிற்று. அப்புறம் டிரைவர்களுக்கு ஓய்வு நேரம் வேண்டும் என்ற வரி போயிற்று. அந்தந்த வருஷம் அதற்கு ஏதோ ஒரு நியாயம் இருந்தது. கட்சி ஆபீஸ் மாடி பஸ்காரர் கட்டிக்கொடுத்தது. கூட்டத்துக்கு ஆள் வருவது அவர் வண்டியில். அவள் நெஞ்சுக்குள் திறந்து மூடிக்கொண்டிருப்பதும் அவர் புண்ணியத்தில்தான். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், எல்லாம் அவர் ஏற்பாடு. பணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. தினமும் சாயங்காலம் வந்து கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகக் கொடுப்பார். அவளுடைய கூடப்பிறந்தவன் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நிறுத்த இடமில்லை என்று போய்விட்டான். பஸ்காரரை ஒரு வார்த்தை தப்பாக நினைத்தாலும் தன் வாய் அழுகிவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

அந்தப் பஸ்காரருக்குத்தான் இப்போது தன் பணிமனைக்கு இரண்டாவது வாசல் வேண்டியிருந்தது. வாசல் வருகிற இடத்தில் கொட்டகை இருந்தது. கொட்டகை நகரசபைக்குச் சொந்தம், நகரசபை கட்சியின் கையில், கட்சி அவள் வீட்டுக்காரர் கையில்.

சட்டைக்குக் காஜா எடுக்க வேண்டும். பொத்தான் துளையை மெஷினில் எடுத்தால் அவளுக்குப் பிடிக்காது, கையால்தான் எடுக்க வேண்டும், அதுவும் காஜா அக்கா கையால். வேறு யார் எடுத்தாலும் துளை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

காஜா அக்கா வாசலோரத்தில் தன் வழக்கமான பெஞ்சில், வெளிச்சம் விழுகிற பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவளைவிட வயதில் மூத்தவள், இவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த காலத்திலும் அதே பெஞ்சுதான். கொட்டகைக்குள் மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது. அதனால் அங்கே ரகசியம் என்று எதுவும் கிடையாது.

"வாடி, மேடைச் சட்டை வந்துருச்சா?" காஜா அக்கா சட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். பக்கத்தையலை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரத்தில் நிறுத்தினாள். "இங்க பிரிச்சுத் தச்சிருக்கே. உனக்கு உடம்பு சரியில்லையா?"

"கவனம் தப்பிப்போச்சுக்கா."

"இருக்கும், இருக்கும். பெரிய எடத்து அம்மா ஆயிட்டே." ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள். பிறகு, மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று, "நகரசபைக்காரன் வந்து டேப்பு வச்சு அளந்துட்டுப் போறாண்டி. இவளுகள்லாம் பயந்து சாகறாளுக. நான் சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்கடின்னு. உன் வீட்டுக்காரரு மேடையில அந்த ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா, அப்புறம் எவன் கை வைப்பான்?"

தையல்காரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாற்றிடம் தருவார்களாமே என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தாள்.

"தருவாங்க. ஊர்க்கோடியில. சட்டை தைக்க வேணா யாராச்சும் வருவாங்க. ஒரு பொத்தான் வைக்க அவ்வளவு தூரம் யாரு வருவா? என் பொழப்பே அந்த ஒரு பொத்தான்ல இருக்கு." இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துளைக்குப் போனாள். அவள் சட்டையை முடித்துத் தரும் வரைக்கும் தையல்காரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

பணிமனை ஆபீஸில் பஸ்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். மேஜைக்கு எதிரே நின்றிருந்த மேனேஜரை அப்புறம் வரச் சொன்னார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். "என்னம்மா, வெயில்ல இப்படி நடந்து வரலாமா? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி வந்திருக்குமே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?"

"சாப்பிடறேண்ணே." மடியிலிருந்த, சட்டை வைத்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. "கொட்டகையைப் பத்தி மேடையில பேச வேணாம்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னீங்களாண்ணே?"

பஸ்காரருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நானா? நான் ஏம்மா அப்படிச் சொல்லப்போறேன்? இத்தனை வருஷத்துல அவர்கிட்ட நான் எதையாச்சும் கேட்டிருக்கேனா, நீயே சொல்லு."

"இல்லண்ணே."

"கேட்டதே இல்லம்மா. அவரு தங்கமான மனுஷன்." பெருமையாகச் சொன்னார், தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. "என்னைக் கேக்கவே வைக்கமாட்டாரு."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அவர் கைகளைப் பார்த்தாள். ஆரஞ்சு உரித்த கைகள். அந்தக் கைகள்மேல் அவளுக்கு அப்போதும் பாசமாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமாண்ணே?"

"கேளும்மா. உனக்கு இல்லாததா?"

"வாசலைப் பின்பக்கமா வச்சுக்கலாமே. கொட்டகை இருந்துட்டுப் போகட்டுமே."

அவர் சிரித்தார். வாய் நிறைந்த, அன்பான சிரிப்பு. "அது வேறம்மா. அது தொழிலு." மணியை அடித்து டிரைவரைக் கூப்பிட்டு, அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு வரச் சொன்னார். மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டும்படி இரண்டு தடவை சொன்னார்.

காரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீம்புக்கு நடந்துபோய் பாதி வழியில் மூச்சு வாங்கினால், அதற்கும் அவர்தான் வந்து நிற்பார். ஏறி உட்கார்ந்தாள். கார் குலுங்காமல் போயிற்று. உள்ளே குளுகுளுவென்று சுகமாக இருந்தது. சுகமாக இருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "அவர் உங்ககிட்ட எதுவுமே கேக்கலையாமே."

"யாரு?"

"பஸ்காரர். நேரே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்."

ஒரு காலில் செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சண்டை போடத் தயாராக இருந்தாள். அவர் சண்டை போடவில்லை.

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். "கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், நீயே பாத்திருக்கே. கேக்காத மனுஷன்கிட்டப் போய் முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் அவர் எதிரே வந்து நின்றாள்.

"அன்னிக்கு உன்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனதும், ஒரு தாளை நீட்டி கையெழுத்துப் போடுங்கன்னாங்க. என் கை நடுங்குது. பேனா நிக்கல. கட்சிக்காரன் ஒருத்தன் பக்கத்துல இல்ல. அவருதான் என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. பிடிச்சு, போடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாதுன்னாரு. இப்ப அந்த வரிக்கு வரும்போதெல்லாம் அந்தக் கைதான் ஞாபகம் வருது. வாய் வரமாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்றே?"

அவர் இதைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவர் கை நடுங்கியது அவளுக்குத் தெரியாது. கண் விழித்தபோது, எல்லாவற்றையும் தானே முன்னின்று முடித்தவர்போல ஜம்பமாகக் கட்டிலருகே நின்றிருந்தார். அந்த ஜம்பத்தை நினைத்து இப்போது அவள் நெஞ்சு உருகிப்போயிற்று. கீழே உட்கார்ந்து அவர் காலிலிருந்த மற்றச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நான் பொழைச்சு வந்ததுக்கு நான்தான் அவருக்குக் கடன்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆயுசுக்கும் கடன். அதை நான் பாத்துக்கறேன். அவர் வீட்டுல எத்தனை ஜன்னலோ அத்தனைக்கும் திரைச்சீலை தச்சுக் குடுக்கறேன். அவருக்கு முடியாமப் போனா ஆஸ்பத்திரியில நான் போய் உக்காந்து ஆரஞ்சு உரிக்கறேன். என் கடனைக் காஜா அக்கா ஏங்க அடைக்கணும்?"

அவர் அவள் தலையில் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு சொன்னார், "பாப்போம்."

மனு கொண்டு வருகிறவர்களிடம் அவர் பாப்போம் என்றால் அது நடக்காது என்று கட்சியில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவர் கூடத்தில் பேசிப் பார்க்கவே இல்லை. மெஷினும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டு, கழுத்துப் பொத்தானைத் துளையில் நுழைத்தபோது, "கச்சிதமா இருக்கு," என்றார். "காஜா அக்கா வேலை," என்றாள். 

வெயில் தாழ்ந்த நேரத்தில் மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள். பஸ்காரர் அவளைப் பார்த்ததும் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "இங்க வாம்மா, இங்கதான் காத்து வருது." உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கொட்டகைப் பெண்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். நடுவில் காஜா அக்கா, முகத்துக்குப் பவுடரெல்லாம் போட்டுக்கொண்டு. கையை உயர்த்தி, சட்டை பிரமாதம் என்று விரலால் காட்டினாள்.

மேடையில் அவள் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். மைக் முன்னால் நின்றால் அவருக்கு ஒரு இளமை வந்துவிடும், குரலில் மேஜைமேல் நின்ற பையன் எட்டிப் பார்ப்பான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பேசப் பேச அவள் வலது கால் புல்லின்மேல் தானாக மிதிக்கத் தொடங்கியது. எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான். மேடையிலிருந்து அவர் அவ்வப்போது முன்வரிசைக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். தலைவர் அடக்கத்தோடு தரையைப் பார்த்துப் பேசுகிறார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை கால் நின்றது. குடிநீருக்கு நிற்கவில்லை. கூட்டம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பின்வரிசையில் இருமல் சத்தம்கூட இல்லை, அவர்கள் அந்த வார்த்தைக்குத் தயாராகிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கடைசியா," என்றார் அவர்.

அவள் காலை நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, மனசில் எதுவும் தைப்பதற்கு முன்னாலேயே, வேண்டுமென்று நிறுத்தினாள். குதிகாலைப் புல்லில் அழுத்திக்கொண்டாள். நெஞ்சுக்குள் அந்தப் புது வால்வு அடித்துக்கொள்வது காதுவரை கேட்டது.

அவர் கண் கீழே வந்தது. அவள் காலைப் பார்த்தது. நன்றி சொல்ல எடுத்த மூச்சு அப்படியே நின்றது. ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுக்க அந்த மூச்சு மட்டும் கேட்டது. அவர் ஒரு கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கழுத்துக்குக் கொண்டு போய்ப் பொத்தானைத் தொட்டார்.

பஸ்காரர் அவள் பக்கம் குனிந்தார். அவர் குரலில் அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. "என்னம்மா, கால் மரத்துப்போச்சா? கொஞ்சம் நீட்டி உக்காரும்மா."

"இல்லண்ணே," என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

காலை அவள் அசைக்கவில்லை. மேடையில் அவரும் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.